ஒரு வண்டிக்குத்தான் இடம்

அசோசியேஷன் செக்ரட்டரி வில்ஃப்ரெட்
லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய காகிதத்தில்
வீட்டுக்கு ஒரு கார், ஒரு டூவீலர் என்றிருந்தது.
எனக்குக் கார் இல்லையே என்றேன்.
அது கணக்கில் வராதாம்.

ஆக இரண்டில் ஒன்று போயாக வேண்டும்:
லைட்னிங் அல்லது எலிமினேட்டர்.
இரண்டுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது.
இரண்டிலும் காலை முன்னே நீட்டி
வேலைக்குப் போகிறவள் மாதிரியே தெரியாமல்
வேலைக்குப் போயிருக்கிறேன்.

ஞாயிறு காலை ஐந்தரை.
பெரம்பூர், வியாசர்பாடி, மூலகொத்தளம்,
பிறகு கண்டெய்னர் லாரி வரிசையை ஒட்டி
எண்ணூர் வரை.
இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது.
பாதை ஒன்றாக இருந்தால்தானே
நியாயம் பேசலாம்.

லைட்னிங் உதைத்ததும் எழாது.
அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை
டிகம்ப்ரஸரைப் பிடித்து மெல்ல மிதித்து
விட்டு
மூச்சைக் கட்டி ஒரே உதை.
எழுந்துவிட்டால், ஒவ்வொரு வெடியையும் எண்ணலாம்.
கண்ணாடியில் வருவது பஸ்ஸா தண்ணீர் லாரியா
சொல்ல முடியாது,
எல்லாம் நடுங்குகிற ஒரு நிறம்.
வளைவுக்கு ஒரு தெரு முன்னதாகவே
தோளால் விண்ணப்பம் போட வேண்டும்.
டிரம் பிரேக் நிற்பதாக வாக்குக் கொடுக்கும்,
எங்கே என்று சொல்லாது.
ஆனால் கடற்காற்று குறுக்கே அடிக்கும் அந்த நேர்ச்சாலையில்
அறுபதில்
அது காற்றை ஒதுங்கச் சொல்லும்.
காற்றும் ஒதுங்கும்.

எலிமினேட்டர் விரல் பட்டாலே பேசும்.
சிக்னலில் இரு பாதமும் முழுசாய்த் தரையில்.
மெட்ரோக்காரர்களின் தகரத் தடுப்புகளுக்கு நடுவே
ஊசி நூல் போல நுழையும்.
பள்ளம் மட்டும்
நேராக அடிமுதுகில் வந்து கையெழுத்துப் போடும்.
எண்பதுக்கு மேல் கேட்டால்
தராமல் இல்லை, முணுமுணுத்துக்கொண்டு தரும்.
ஒரே ஒரு குறை,
கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும்.
மெக்கானிக் மூன்று முறை ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தார்.
ரிம்மைச் சுற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கினார்.
ஒன்றுமில்லைக்கா என்றார்.
ஒன்றுமில்லாததுதான் இழுக்குமா என்றேன்.

மூலகொத்தளத்தில் ஓர் ஆட்டோ சட்டென்று திரும்ப
இடது காலை ஓங்கி மிதித்தேன்.
லைட்னிங்கில் அங்கே பிரேக்.
இதில் அங்கே கியர்.
பின்சக்கரம் ஒரு சத்தம் போட்டுத் துள்ளி
ஆட்டோவின் மஞ்சளுக்கு ஒரு சாண் முன்னே நின்றது.
டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.
திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.
'எவ்ளோ குடுக்குது?' என்றார்.
முப்பத்தெட்டு என்றேன்.
பரவால்ல என்று போய்விட்டார்.

முழங்கால்தான் கடைசியில் ஓட்டுப் போட்டது.
பார்க்கிங் சரிவில் அந்த எடையை
என்ஜின் அணைத்துத் தள்ளி ஏற்றும்போது
எந்த வண்டியின் புகழும் காதில் விழாது.

புதுப்பேட்டையிலிருந்து போன் செய்த அமீர்ஜான்
முதலில், 'சார்கிட்ட குடுங்க மேடம்' என்றார்.
நான்தான் சார் என்றேன்.
ஒரு நொடி அமைதி, பிறகு விலையில் இறங்கினார்.
வந்தார். உதைத்தார். எழவில்லை.
முள்ளைக் காட்டிக்கொடுத்தேன்.
நோட்டுகளை ரப்பர் பேண்டோடு கையில் வைத்துவிட்டு
தெருமுனையில் திரும்பினார்,
அகலமாக, லாரி மாதிரி.
நான் காலியான இடத்தில் சிந்தியிருந்த ஆயிலைப் பார்த்தேன்.
வில்ஃப்ரெட்டும் பார்த்தார்,
யார் துடைப்பது என்று.

பத்து நாள் கழித்து அமீர்ஜான் மறுபடி.
'மேடம், வண்டி லெஃப்ட்ல இழுக்குது.
நல்லாவே இழுக்குது.
சொல்லவே இல்லியே நீங்க?'

இல்லை, அது நேராகத்தான் போகும் என்றேன்.
பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்றேன்.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
போனைப் பிடித்த கை
வலது கை என்று கவனித்தேன்,
அந்தத் தோள் மட்டும்
சற்றே தாழ்ந்திருந்ததையும்.